ராபன்ஸலுக்கு முன்னால் பெத்ரோசினெல்லா

குழு: பெரிய வீடு

திவ்யா: பாப்பாவுக்குப் பள்ளியில் கதை சொல்லும் போட்டி. ராபன்ஸல் கதைதான், கோபுரத்தில் அடைபட்ட பெண்ணின் நீண்ட கூந்தலைப் பிடித்து இளவரசன் ஏறி வருவானே, அது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் உருவாக்கிய கதை என்று ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே சித்தி?

செல்வி சித்தி: அவர்கள் 1812-இல் புத்தகத்தில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கு ஏறக்குறைய 180 வருடம் முன்பே இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இந்தக் கதை அச்சாகிவிட்டது. எழுதியவர் ஜியாம்பத்திஸ்தா பாசிலே. அவர் பெயரை விட்டுவிடாதே.

ரவி மாமா: கோபுரம், கூந்தல் எல்லாம் அதிலேயே உண்டா?

செல்வி சித்தி: எல்லாம் உண்டு அண்ணா. ஒரு கர்ப்பிணி ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்க்கிறாள். பாத்தி நிறைய பார்ஸ்லி, நம் கொத்தமல்லிக்குச் சொந்தக்காரச் செடி. ஆசை தாங்காமல் இறங்கிப் பறிக்கிறாள். தோட்டம் ஒரு அரக்கியுடையது. பிடித்துவிட்டவள், பிறக்கும் பிள்ளையைத் தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் விடுகிறாள்.

அம்மா: மசக்கைக்காரி ஒரு கட்டு கீரை பறித்ததற்கா பிள்ளையைக் கேட்டாள்?

செல்வி சித்தி: ஆமாம் அக்கா. பிறந்த குழந்தையின் மார்பில் பார்ஸ்லிக் கொத்து போலவே ஒரு மச்சம். நேப்பிள்ஸ் பேச்சில் அந்தக் கீரை பெத்ரோசினோ, அதனால் பெண் பெத்ரோசினெல்லா. ஏழு வயதில் அவள் படிக்கப் போகும் வழியில் அரக்கி தினமும் மறித்து, 'வாக்கை நினைவில் வைக்கச் சொல் உன் அம்மாவிடம்' என்பாள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன தாய் ஒருநாள், 'எடுத்துக்கொள்ளச் சொல்' என்று விடுகிறாள். எனக்கு ஆறவே இல்லை அந்த இடம்.

கார்த்திக்: ஜெர்மனிக்கு எப்படிப் போனது?

செல்வி சித்தி: பிரான்ஸ் வழியாக. 1690-களின் கடைசியில் லா ஃபோர்ஸ் என்ற பெண் எழுத்தாளர் 'பெர்சினெத்' என்று எழுதினார். பிரெஞ்சில் பார்ஸ்லி பெர்சில். 1790-இல் ஃபிரிட்ரிக் ஷுல்ஸ் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனபோது பார்ஸ்லியை எடுத்துவிட்டு, அங்கே சாலட்டுக்குப் போடும் ராபன்ஸல் கீரையை வைத்தார். அதைத்தான் கிரிம் சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாட்டிலும் பெண்ணுக்குக் கீரையின் பெயர்தான்!

ரவி மாமா: பாசிலே ஏன் வெளியே தெரியாமல் போனார்?

செல்வி சித்தி: எழுதியது நேப்பிள்ஸ் வட்டார மொழியில். இத்தாலிக்காரர்களுக்கே எளிதில் புரியாது. அவர் 1632-இல் இறந்துவிட்டார், புத்தகம் 1634-இலிருந்து 1636-க்குள்தான் வந்தது. ஐம்பது கதையில் ஒன்றைக்கூட அவர் அச்சில் பார்க்கவில்லை. சிண்ட்ரெல்லாவும் அதில் இருக்கிறாள். முழுப் புத்தகமும் ஜெர்மனுக்குப் போனது 1846-இல், முன்னுரை யாக்கோப் கிரிம். கிரிம்மே மதித்த மனிதரை நாம் மறக்கலாமா?

திவ்யா: முடிவும் ஒன்றுதானா?

செல்வி சித்தி: இல்லை. கோபுரத்தில் அரக்கி அடைத்து வைத்த பெத்ரோசினெல்லா தானே தப்பிக்கிறாள். சமையலறை உத்தரத்தில் ஒளித்து வைத்த மூன்று மந்திரக் காய்களை எடுத்துக்கொண்டு, இளவரசனோடு கயிற்று ஏணியில் இறங்கி ஓடுகிறாள். அரக்கி துரத்தத் துரத்த ஒவ்வொன்றாக வீசுகிறாள். முதல் காயிலிருந்து நாய் வருகிறது, அரக்கி ரொட்டி போட்டு அடக்கிவிடுகிறாள். அடுத்தது சிங்கம். மேய்ந்துகொண்டிருந்த கழுதையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு வர, சிங்கம் மிரண்டு ஓடுகிறது. மூன்றாவது ஓநாய். அரக்கி இன்னும் அந்தத் தோலைக் கழற்றவில்லை. கழுதை என்று நினைத்து விழுங்கிவிடுகிறது.

அம்மா: நல்லா வேணும் அவளுக்கு!

திவ்யா: பாப்பா ஓநாய்க் கதையைத்தான் சொல்வேன் என்கிறாள். ஆனால் மூன்றே நிமிடம்தான் சித்தி.

செல்வி சித்தி: அப்போ நாயை ஒரு வரியில் தாண்டட்டும். மார்பில் இருந்த பார்ஸ்லி மச்சத்தை மட்டும் விட வேண்டாம் என்று சொல்.