எக்ஸ் அச்சில் மட்டும் இரண்டு ட்ரைவர் போய்விட்டது, மூன்றாவது வாங்கலாமா?

சிப்புட் மரவேலை:

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நானே கட்டிய சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டுவது) ஒன்று வைத்திருக்கிறேன். எக்ஸ் 600 மி.மீ, ஒய் 900 மி.மீ. அலுமினிய புரொஃபைல் சட்டம், 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ தடி, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ நகரும்). நெமா 23 மோட்டார் நான்கு, 2.8 ஆம்பியர், ஒய்க்கு மட்டும் இரண்டு. 36 வோல்ட் பவர் சப்ளை, மோட்டாரை ஓட்டும் ட்ரைவர் பெட்டி, டிபி6600 என்று எழுதியது, நான்கு, அர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் (ட்ரைவருக்கு ஸ்டெப் அனுப்பும் மென்பொருள்). மூன்று வருஷமாக ஒரு குறையும் இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் எக்ஸ் ட்ரைவர் போனது. அன்றைக்கு 9 மி.மீ பிளைவுட்டில் மயில் வெட்டிக்கொண்டிருந்தேன். கேன்ட்ரி (ஒய்யில் நகரும் குறுக்குச் சட்டம்) பின்பக்கமாக நகர்ந்து ஒய் 600ஐத் தாண்டியதும் எக்ஸ் மட்டும் நடுங்க ஆரம்பித்தது. முன்பக்கம் திரும்பி வந்தால் சரியாக ஓடியது. மறுபடி பின்னால் போனதும் அதே நடுக்கம். தோகையில் ஒரு கண் 3 மி.மீ தள்ளி விழுந்துவிட்டது. இப்படியே இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் மோட்டார் உறுமியது, அதிர்ந்தது, சுற்றவில்லை. ட்ரைவரில் விளக்கு மட்டும் எரிகிறது.

அதே மாதிரி ட்ரைவர் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒன்பது நாள் தாங்கியது. நேற்று அதுவும் போய்விட்டது.

இந்தப் பலகைகள் எல்லாம் ஒரு காவடிக்கு. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்கு எடுக்கிறார்கள். மகனுக்கு உடம்பு தேறியதற்காக வேண்டிக்கொண்ட குடும்பம். அவர்களிடம் போய் மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் கேள்வி இதுதான். மறுபடியும் டிபி6600 வாங்கலாமா, இல்லை டிஎம்542 என்ற வேறு ட்ரைவருக்கு மாறலாமா? ஒருவேளை மோட்டாரே போயிருக்குமோ? எக்ஸ் வயரைக் கழற்றி இசட் ட்ரைவரில் மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பீடோங் அக்கா:

அண்ணா, அந்த நாட்களில் அங்கே இடி மின்னல் இருந்ததா? போன வருஷம் எங்கள் பக்கம் ஒரு சாயங்காலம் அடித்த இடியில் என் சின்ன மெஷினின் போர்டும் வீட்டு மோடமும் சேர்ந்தே போய்விட்டன. அதிலிருந்து வானம் கறுத்தாலே பிளக்கைக் கழற்றிவிடுகிறேன், சுவிட்சை அணைப்பதோடு விடுவதில்லை.

இன்னொன்று, கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்தது.

பழைய வயர்மேன்:

தம்பி, இசட் ட்ரைவரில் மாட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள். மாட்டினால் மூன்றாவது ட்ரைவரும் போகும், அப்புறம் இரண்டு அச்சு நின்றுவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. நடுங்குவது எக்ஸ். ஆனால் அது எப்போது நடுங்குகிறது? ஒய் 600ஐத் தாண்டும்போது. கேன்ட்ரி எங்கே நிற்கிறது என்று எக்ஸ் மோட்டாருக்குத் தெரியாது, ட்ரைவருக்கும் தெரியாது. அது தெரிந்த ஒரே பொருள், கேன்ட்ரியோடு சேர்ந்து மடங்கி நிமிரும் வயர்தான். உங்கள் எக்ஸ் மோட்டார் கேன்ட்ரிமேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் வயர் ஒய் பக்கத்துக் கேபிள் செயினுக்குள் (வயரைச் சுமந்து மடங்கும் சங்கிலி) வருகிறது. சரிதானே? அந்த வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்பது என் எண்ணம். மேலே உறை நன்றாகத்தான் இருக்கும். செம்பு மட்டும் அறுந்து, ஒரு வளைவில் தொடும், இன்னொரு வளைவில் விடும்.

ட்ரைவர் ஏன் சாகிறது என்றால், மோட்டார் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வயர் பிரிந்தால் அந்தச் சுருள் ஓட்டத்தைச் சட்டென்று விடாது. போக வழி இல்லாததால் மின்னழுத்தம் எகிறி ட்ரைவருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்மேல் விழுகிறது. மெஷின் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்காதே என்று சொல்வதும் இதனால்தான். உங்கள் மெஷினில் செயினே ஒவ்வொரு தடவையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியிருக்கிறது.

நான் செம்பனை ஆலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். குலைக் கூண்டைத் தூக்கும் கிரேனில் இதே கதை. கான்டாக்டர் (பெரிய மின் சுவிட்ச்) போச்சு, கான்டாக்டர் போச்சு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் பார்த்தால் தொங்கும் கேபிளில் ஒரு கோர் உள்ளே அறுந்திருக்கும். அதனால் எது கருகியதோ அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

சோதிக்கும் விதம் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிஷம் விடுங்கள், பவர் சப்ளையில் மிச்சம் இருக்கும். நான்கு வயரையும் ட்ரைவரிலிருந்து கழற்றுங்கள். மோட்டார் பக்கமும் கழற்றி, அங்கே ஏ+, ஏ- (ஒரு சுருளுக்குப் போகும் ஜோடி வயர்) இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். பெட்டிப் பக்கத்தில் அதே இரண்டில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, யாரையாவது செயினை மெதுவாக மடக்கி நிமிர்த்தச் சொல்லுங்கள். எண் அசையாமல் நிற்க வேண்டும். துள்ளினாலோ ஓஎல் (தொடர்பு இல்லை) என்று காட்டினாலோ அதுதான். பி+, பி- ஜோடிக்கும் அப்படியே. மோட்டாரை மாட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். ஆட்டும்போது எக்ஸ் ஸ்க்ரூ சற்றுச் சுற்றினாலும் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும், மீட்டர் குழம்பிவிடும்.

மோட்டாரைத் தனியாக அளந்து பாருங்கள். 2.8 ஆம்பியர் நெமா 23 என்றால் ஒரு சுருள் ஒரு ஓம் சொச்சம் காட்டும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நான்கு வயரில் எதற்கும் மோட்டார் உடம்போடு தொடர்பு காட்டக் கூடாது.

என்ன வயர் போட்டீர்கள்?

சிப்புட் மரவேலை:

ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே புரிந்தது. வயர், வீட்டு ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் கேட்) போட்டபோது மிஞ்சிய நான்கு கோர். அப்போது தடியாக இருந்ததால் நல்லது என்று நினைத்தேன். நாளை மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் செயினை ஆட்டச் சொல்லிச் சோதிக்கிறேன்.

தங்கச்சி, இடி அந்த நாட்களில் இல்லை. பெட்டியையும் திறந்து பார்த்தேன். பல்லி இல்லை, ஆனால் மரத்தூளும் எறும்பும் இருந்தன.

கூலிம் தம்பி:

அண்ணே, வயர்மேன் ஐயா சொன்னதை முதலில் முடியுங்கள். ட்ரைவர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

நீங்கள் வாங்கிய பெட்டியில் மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பை எத்தனையாகப் பிரிப்பது) 1/32 வரை போட்டிருந்தால் உள்ளே இருப்பது டிபி6600 சிப் இல்லை. அந்தச் சிப் 1/16 வரைதான். நிறைய பெட்டிகளில் டிபி67எஸ்109 வருகிறது. மோசமான சிப் என்று சொல்ல மாட்டேன், சின்ன மோட்டாருக்குப் போதும். ஆனால் 36 வோல்ட், 2.8 ஆம்பியர், நம் ஊர்ச் சூடு, மூடிய கொட்டகை என்று சேரும்போது டிஎம்542தான் நிம்மதி. அது 20 முதல் 50 வோல்ட் வரை, உச்சம் 4.2 ஆம்பியர். உங்கள் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை.

கரன்ட் சுவிட்சை உச்சம் 3.31, ஆர்எம்எஸ் 2.36 என்ற இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மோட்டார்மேல் கை வைத்துத் தாங்க முடிகிறதா பாருங்கள். பலம் போதவில்லை என்றால் ஒரு படி ஏற்றலாம். நான்காவது சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும், மோட்டார் நிற்கும்போது கரன்ட் பாதியாகிவிடும். ஈஎன்ஏ வயர் (ட்ரைவரை இயக்க, நிறுத்த) மாட்டாமல் விட்டாலும் ஓடும்.

மைக்ரோஸ்டெப் 1/8 போதும், மேலே அச்சடித்த அட்டவணையில் 1600 என்று இருக்கும். ஊனோவில் ஜிஆர்பிஎல் ஒரு விநாடிக்கு அனுப்பும் ஸ்டெப்புக்கு அளவு உண்டு, வீணாக 1/16 வைத்தால் வேகம்தான் குறையும்.

சிப்புட் மரவேலை:

கிடைத்துவிட்டது!

பி ஜோடி. மகள் செயினைப் பின்பக்கம் மடக்கியதும் மீட்டர் 0.4லிருந்து ஓஎல்லுக்குப் போனது. முன்னால் இழுத்ததும் 0.4. பத்துத் தடவை செய்தோம், பத்துத் தடவையும் அப்படியே. அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஆட்டினாள். ஏ ஜோடியில் ஒன்றும் இல்லை. மோட்டார் இரண்டு சுருளும் 1.2, உடம்போடு தொடர்பு இல்லை. மோட்டார் பிழைத்தது.

வயரை வெளியே எடுத்துப் பிளேடால் உறையைக் கீறிப் பார்த்தேன். செயின் வளையும் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கறுத்துக் கிடந்தன. ஒவ்வொரு இழையும் தடி, எண்ணி ஏழுதான். அதோடு நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். செயினுக்குள் வயர் ஆடக் கூடாது என்று மூன்று இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தேன். அறுந்தது சரியாக ஒரு டைக்குப் பக்கத்தில்.

டிஎம்542 ஒன்று ஆர்டர் போட்டாச்சு, எழுபது வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். எந்த வயர் வாங்குவது, எப்படிப் போடுவது?

பழைய வயர்மேன்:

நல்லது தம்பி. மகளுக்கும் சொல்லுங்கள், நல்ல வேலை.

கேபிள் செயினுக்கு என்றே விற்கும் நெளிவு வயர் கேளுங்கள். நான்கு கோர், 0.75 சதுர மி.மீ, மேலே ஷீல்டு வலை உள்ளது. மயிர் மாதிரி மெல்லிய இழை நிறைய இருக்க வேண்டும். ஈப்போவில் தொழிற்சாலைகளுக்கு விற்கும் மின்சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வயரின் தடிமனைப் போலப் பத்து மடங்காவது செயினின் வளைவு ஆரம் இருக்க வேண்டும். உங்கள் செயின் அதைவிடச் சின்னது என்றால் செயினையும் மாற்றுங்கள்.

செயினுக்குள் எங்கேயும் கட்டாதீர்கள். இரண்டு முனையில், செயினுக்கு வெளியே மட்டும் இறுக்குங்கள். நடுவில் அது தாராளமாகப் படுத்துக் கிடக்கட்டும்.

ட்ரைவர் ஸ்க்ரூவில் மாட்டும் நுனிக்கு ஈயம் வைக்க வேண்டாம். ஈயம் நாளாக ஆக அழுந்தி, ஸ்க்ரூ தளர்ந்து, மறுபடி அதே விட்டு விட்டுத் தொடும் கதை. ஃபெரூல் (வயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஷீல்டு வலையைப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் கொடுங்கள், மோட்டார் பக்கம் வெட்டி விட்டுவிடுங்கள். சட்டத்துக்குத் தனியாக ஒரு பச்சை-மஞ்சள் எர்த் வயர் இழுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்றும் பாருங்கள்.

முக்கியமான ஒன்று. இசட் மோட்டாரின் வயர் எக்ஸ் செயின், ஒய் செயின் இரண்டிலும் மடங்குகிறது. அதுவும் அதே ஆட்டோகேட் வயர்தானே? நடுங்கும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மாற்றுங்கள். ஒய் மோட்டார் இரண்டும் அசையாத இடத்தில் இருக்கின்றன, அவற்றை விடலாம்.

சிப்புட் மரவேலை:

ஈப்போ போய் எட்டு மீட்டர் வாங்கி வந்தேன். எக்ஸ், இசட் இரண்டுக்கும் போட்டாச்சு. புது ட்ரைவரும் மாட்டியாச்சு. ஆனால் இரண்டு பிரச்சினை. எக்ஸ் எதிர்த் திசையில் ஓடுகிறது. 100 மி.மீ போ என்றால் 200 போகிறது. மறுபடி ஏதாவது போய்விட்டதா?

கூலிம் தம்பி:

இல்லை அண்ணே, ஒன்றும் போகவில்லை. இது நான் சொல்லாமல் விட்டதால் வந்தது, மன்னியுங்கள். பழைய ட்ரைவர் 1/16இல் இருந்திருக்கும். 200 ஸ்டெப்பை 16ஆல் பெருக்கி, ஸ்க்ரூவின் 5 மி.மீட்டரால் வகுத்தால் 640. ஜிஆர்பிஎல்லில் $100 (எக்ஸில் ஒரு மி.மீட்டருக்கு எத்தனை ஸ்டெப் என்ற செட்டிங்) அந்த எண்ணில் நிற்கிறது. இப்போது 1/8 என்பதால் 320 போதும். $100=320 என்று அடியுங்கள். மற்ற அச்சுகளைத் தொடாதீர்கள், அவை இன்னும் 1/16இல்தான் இருக்கின்றன.

திசைக்கு, பிளக்கைக் கழற்றிவிட்டு ஏ+, ஏ- இரண்டை மட்டும் இடம் மாற்றி மாட்டுங்கள். பி ஜோடி அப்படியே இருக்கட்டும்.

சிப்புட் மரவேலை:

சரியாகிவிட்டது. முதலில் வெறும் பென்சிலைக் கட்டி, பின்பக்கம் 880 வரைக்கும் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு நடுக்கம் இல்லை. பென்சில் போட்ட 200 மி.மீ கோட்டை வெர்னியரில் அளந்தேன், ஒரு பக்கம் 200, இன்னொரு பக்கம் 199.9.

தங்கச்சி சொன்னதைக் கேட்டுப் பெட்டியின் காற்றுத் துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி ஒட்டிவிட்டேன். எர்த்தையும் பார்த்தேன் ஐயா. கொட்டகைக்கு இழுத்த எக்ஸ்டென்ஷனில் எர்த் வயர் மாட்டவே இல்லை, மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது, மகள் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்று லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்துச் சரிசெய்தாச்சு.

இன்று காலையிலிருந்து மயிலின் இடது தோகை ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு தள்ளி விழுந்த கண்ணைப் புதுப் பலகையில் மறுபடி வெட்டுகிறேன், ஒட்டுப் போட மனசில்லை. காவடி எடுக்கும் தம்பி சாயங்காலம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.