பிளஸ் டூவில் மேத்ஸ் இல்லாம நர்சிங்: கணக்கு எங்க மாட்டும்?

திருமங்கலத்திலிருந்து ஒரு கேள்வி: பியூர் சயின்ஸ் குரூப் படிச்ச பிள்ளைக பி.எஸ்சி. நர்சிங் சேரலாமா? மேத்ஸ் இல்லைன்னு தட்டிக் கழிப்பாங்களா? உள்ள போனா எம்புட்டு கணக்கு வரும்? வார்டு பாத்தவங்க, பாடம் எடுக்கிறவங்க விவரமாச் சொல்லுங்க.

நர்சிங் ஆசிரியை: தாராளமாச் சேரலாம்மா. கேட்கிறது இயற்பியல், வேதியியல், உயிரியல் (இல்லன்னா தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம். நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுவா மொத்தத்துல 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. கட்-ஆஃப்ல கணித மார்க் சேராது. மேத்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் எடுத்து உயிரியலை விட்டவங்களுக்குத்தான் வழி இல்ல. உள்ள வந்தப்புறம் ஆராய்ச்சிப் பாடத்தோட புள்ளியியல் வரும்: சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம், கை ஸ்கொயர் (chi-square) சோதனை. அதை ஒரு மாசம் உக்காந்து படிச்சாப் போதும். நெஜமாவே ஆளைக் கவுக்கிறது மருந்துக் கணக்கு. அது ஆறாம் வகுப்பு விகிதம்தான், ஆனா தப்பினா பேஷன்ட் உடம்புல தெரியும்.

வார்டு சிஸ்டர்: சூத்திரம் ஒண்ணுதான். ஆர்டர் அளவை, கையில இருக்கிற அளவால வகுத்து, அது எத்தனை மில்லியில இருக்கோ அதால பெருக்கணும். குழந்தைக்கு 150 மி.கி. பாராசிட்டமால்னா, 5 மில்லிக்கு 125 மி.கி. சிரப்புல 6 மில்லி; 250 சிரப்புல 3 மில்லி. ஸ்டோர்ல பாட்டில் மாறி வந்திருக்கும். லேபிள் பாக்காம "நேத்தும் 6 தான குடுத்தோம்"னு ஊத்தினா டபுள் டோஸ்.

டிரிப் கணக்குல 500 மில்லி பாட்டில் 4 மணி நேரத்துல ஏறணும், செட் (டிரிப் ஏத்துற குழாய்) மில்லிக்கு 20 சொட்டுன்னா: 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிஷத்துக்கு 42 சொட்டு. 240-க்குப் பதிலா 4-ஆல வகுத்து 2500-ன்னு எழுதுற பிள்ளைக உண்டு. அது சொட்டு இல்ல தாயி, வைகையில தண்ணி தெறந்துவிட்ட கணக்கு! மைக்ரோ செட்டுல மில்லிக்கு 60 சொட்டு. அதுல மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. செட் கவர்லயே அச்சடிச்சிருக்கும், கவரைக் கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி படிங்க.

மருந்தாளுநர்: இன்சுலினைச் சேத்துக்கங்க. நம்ம ஊர்ல இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40 சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. 100 வயலை 40 சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது அரை மில்லி, அதாவது 50 யூனிட். சர்க்கரை தடாலுன்னு கீழ எறங்கிரும். மாத்தி, 40 வயலை 100 சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா 8 யூனிட்தான் போகும். இங்க சூத்திரத்துக்கு வேலையே இல்ல, கண்ணுக்குத்தான் வேலை.

இன்னொருத்தர்: இப்பத்தான் ஐ.சி.யூ.ல மருந்தை அளந்து ஏத்துற பம்ப் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?

வார்டு சிஸ்டர்: பம்புக்குத் தெரிஞ்சது நீங்க அழுத்துற மில்லி மட்டும்தான் தம்பி. 60 கிலோ ஆளுக்கு டோபமைன் (ரத்த அழுத்தத்தை ஏத்துற மருந்து) கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம்னு ஆர்டர். 5 × 60 = 300; மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மி.கி. 50 மில்லியில 200 மி.கி. கலந்திருந்தா மில்லிக்கு 4 மி.கி. ஆக மணிக்கு 4.5 மில்லி. நிமிஷத்தை மணியாக்க 60-ஆல பெருக்குறது விட்டுப்போனா மருந்து போறதும் போகாததும் ஒண்ணுதான். புள்ளி நழுவி 45-ன்னு அழுத்துனா பத்து மடங்கு.

நர்சிங் ஆசிரியை: அதனாலதான் .5-ன்னு எழுதக் கூடாது, 0.5-ன்னு எழுதணும், 5.0-ன்னும் எழுதாதீங்க, 50-ஆத் தெரியும்.

திருமங்கலம்: வெளிநாடு போறவங்களுக்கு எப்படிக்கா?

நர்சிங் ஆசிரியை: அமெரிக்காவுல டிகிரி படிக்கப் போனா நெறையக் கல்லூரியில புள்ளியியல் முன்கூட்டியே கேப்பாங்க. இங்க முடிச்சுட்டு என்கிளெக்ஸ் (NCLEX, அங்க நர்ஸ் உரிமம் வாங்குற தேர்வு) எழுதினா மருந்துக் கணக்கு வரும், திரையிலயே கால்குலேட்டர் இருக்கும். எடை பவுண்டுல கொடுத்தா 2.2-ஆல வகுத்துக் கிலோவாக்கிட்டுத் தொடங்கணும்.

இப்பவே பழக, பிள்ளைக மருந்துக்கடையில 2 மில்லி, 5 மில்லி சிரிஞ்சு ஒவ்வொண்ணு வாங்கித் தண்ணியை இழுத்துப் பாக்கட்டும். பெரும்பாலும் 5 மில்லியில ஒரு கோடு 0.2, 2 மில்லியில 0.1. விடை 1.3-ன்னு வந்தா 5 மில்லி சிரிஞ்சுல அதுக்குக் கோடே கிடையாது.