மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றது ஏன்?

கேள்வி: 1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் மட்டும் இத்தனை பேர் ஏன்? மகள் பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்கிறாள்.

பதில்: விவசாயிகளின் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வேதனைதான் வேட்புமனுவானது. மஞ்சள் வேகவைக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என் அப்பாவும் மனுக் கொடுக்கப் போனார். டெபாசிட் 250 ரூபாய். அன்று எங்களுக்கு அது பெரிய பணம். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அப்பாவுக்கு எத்தனை வாக்கு என்று நான் கேட்டதே இல்லை. அவர் நின்றதே எனக்குப் பெருமை.

இன்னொருவர்: அதே ஆண்டில் டெபாசிட்டை 5,000 ஆக்கிவிட்டார்கள், அண்ணா. குடியானவர் வாய் அடைபட்டது. அது அநியாயம்.

மற்றொருவர்: 2021இல் இங்கே சுப்புலட்சுமி அம்மா பாஜகவிடம் 281 வாக்குகளில் தோற்றார். அதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.