கப்பல் பயணத்திற்குப் பெட்டி அடுக்க ஜிப்லாக் பைகள்: எதற்குப் பயன்படும், எதற்கு வேண்டாம்?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வருகிற டிசம்பர் விடுமுறையில் நானும் கணவரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் மாமியாருமாக ஐந்து பேர் திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கே மரினா பே கப்பல் முனையத்தில் சொகுசுக் கப்பலில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவுகள் கழித்துச் சிங்கப்பூருக்கே திரும்புவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். விமானத்தில் கைப்பெட்டிக்கு ஆளுக்கு 7 கிலோதான் அனுமதி. கப்பலிலோ ஐந்து பேருக்கும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு சிறிய அறைகள்.

துணிமணிகளையும் மற்ற பொருள்களையும் ஜிப்லாக் பைகளில் வகை பிரித்துப் போட்டு அடுக்கினால் இடமும் மிச்சம், தேடும் வேலையும் மிச்சம் என்று சொல்கிறார்கள். எல்லாவற்றையுமே அப்படி அடுக்குவது நல்லதா, சிலவற்றுக்கு மட்டும் போதுமா? எந்த அளவுப் பைகளை வாங்குவது? மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சின்னவனுக்கு நான்கு வயது. கப்பல் சாப்பாடு அவனுக்குப் பிடிக்காமல் போனால் கைகொடுக்கட்டும் என்று பருப்புப் பொடியையும் இட்லிப் பொடியையும் இதே பைகளில் கட்டி எடுத்துச் செல்ல நினைத்திருக்கிறேன். இவ்வளவு பிளாஸ்டிக்கை வாங்கி ஒரே பயணத்தோடு எறிவதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கப்பலில் சென்று வந்தவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கிழக்குக்கரை:

வணக்கம் சகோதரி. எல்லாவற்றையும் பைகளுக்குள் போட வேண்டியதில்லை. நனையக் கூடாதது, நனைந்தபின் மற்றதை நனைக்கக் கூடாதது, ஒழுகக்கூடியது, கேட்டவுடன் கைக்குக் கிடைக்க வேண்டியது ஆகிய நான்குக்கும் இந்தப் பைகள் மிகவும் பயன்படும். மற்றத் துணிகளைப் பெட்டியில் நேரடியாகவோ துணிப்பைகளிலோ அடுக்குவதே நல்லது என்பது என் கருத்து.

கப்பல் ஏறும் நாள் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். முனையத்திற்குள் நுழையும்போதே பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அவை எக்ஸ்ரே சோதனை முடிந்து உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம், சில சமயம் இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகலாம். பிள்ளைகளோ கப்பலில் கால் வைத்த உடனேயே நீச்சல் குளத்தைப் பார்த்துவிடுவார்கள். ஆகவே ஆளுக்கொரு பையில் நீச்சல் உடையும் ஒரு மாற்றுடையும் வைத்து, அதைத் தோளில் மாட்டும் பையிலேயே கொண்டு போய்விடுங்கள். பாஸ்போர்ட், விசாத் தாள், கப்பல் பயணச்சீட்டு ஆகியவற்றைத் தனியாக ஒரு பெரிய பையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். சிங்கப்பூரில் டிசம்பர் மழை மிகுந்த மாதம்; வாடகை வண்டியிலிருந்து இறங்கி முனையத்திற்குள் செல்லும் சில நிமிடங்களிலேயே ஒரு பெருமழை எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

பெரிய பெட்டியில் போகும் துணிகளில், பிள்ளைகளின் உடைகளை மட்டும் நாள் கணக்கில் பிரித்து வையுங்கள். ஒரு நாளைக்கு வேண்டிய சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும்; மேலே ஒரு சிறு காகிதத்தில் 'பினாங்கு', 'புக்கெட்' என்று எழுதி உள்ளே செருகிவிட்டால் பெரியவனே தன் பையை எடுத்து உடுத்திக்கொள்வான். கப்பல் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பெட்டியைத் திறக்க இடம் இருக்காது. பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் நடமாட முடியும். அப்போது இந்தப் பைகளை அப்படியே எடுத்து இழுப்பறையில் நிறுத்தி வைத்துவிடலாம்.

புக்கெட்டில் பல கப்பல்கள் பாட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு நின்றுவிடும். கரைக்குச் செல்வது சிறு படகில்தான். அலை தெறிக்கும், கரையில் இறங்கும்போது கால் நனையவும் கூடும். கைப்பேசி, அறை அட்டை, கொஞ்சம் தாய்லாந்துப் பணம் மூன்றையும் ஒரு சிறிய பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, அதை மற்றொரு பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்றை வெளியேற்றுவது எளிது: விளிம்பை ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே வந்து, மறுமுனையில் ஒரு விரல் அகலம் மட்டும் திறந்து விட்டு, பையை மடியில் வைத்து உள்ளங்கையால் அமுக்கி, கடைசியாக அந்த இடைவெளியை மூட வேண்டும். இழுத்து மூடும் சறுக்குப் பிடி உள்ள பைகளில் அந்தப் பிடி நிற்கும் மூலை வழியாகத் தண்ணீர் கசியும் என்பதால், தெறிப்புக்கு அஞ்சும் பொருள்களுக்கு இரட்டை வரி அழுத்து மூடியுள்ள பைகளையே வாங்குங்கள். வாங்கியதும் ஒன்றில் பாதியளவு தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த வகை வேண்டாம்.

ஈரமான நீச்சல் உடைகளை அறைக்குக் கொண்டு வரும் வரையில்தான் பையில் வைக்க வேண்டும். மூடிய பையில் ஓர் இரவு கிடந்தாலே வாடை பிடித்துவிடும். பெரும்பாலான கப்பல்களில் குளியலறைச் சுவரில் இழுத்து மாட்டும் கொடிக்கயிறு இருக்கும். துணியையும், கழுவிய பையையும் அதிலேயே கவிழ்த்துத் தொங்கவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் சதுரமுள்ளவை துணிக்கும், 20 சென்டிமீட்டர் அளவுள்ளவை மற்றவற்றுக்கும் போதும். உறைபெட்டியில் வைப்பதற்கென்று விற்கும் தடித்த வகை விலை கூடுதலானாலும் பல பயணங்களுக்குத் தாங்கும்.

மருந்துக்கடை:

அம்மாவின் இன்சுலினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் விமானத்தில் சரக்காகச் செல்லும் பெட்டியிலோ, கப்பல் முனையத்தில் கொடுத்தனுப்பும் பெட்டியிலோ வைக்காதீர்கள். முன்னதில் உறைந்துபோகும் அபாயம் உண்டு. பின்னதில் பெட்டி தாமதமானால் இரவு ஊசி தவறும். ஜிப்லாக் பை இன்சுலினை ஈரத்திலிருந்துதான் காக்கும், சூட்டிலிருந்து காக்காது. குளிர்க்கட்டியோடு எடுத்துச் செல்வதானால், இன்சுலின் பேனாவை (மருந்து அடைத்த, பேனா வடிவ ஊசிக் கருவி) ஒரு பையில் மூடி, அதைத் துண்டில் சுற்றி, அதன் பிறகே குளிர்க்கட்டியின் அருகில் வைக்க வேண்டும். நேரடியாகப் பட்டு உறைந்துவிட்ட இன்சுலினைத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாக்களில் பெரும்பாலானவற்றை 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் ஏறத்தாழ 4 வாரம் வைத்திருக்கலாம்; உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பது பெட்டியிலுள்ள தாளில் இருக்கும். கப்பல் அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி பானங்களைக் குளிர்விக்கப் போதுமே தவிர, மருந்துக்கு நம்பத்தக்கதல்ல. திறக்காத பேனாக்களை வைக்க மருத்துவக் குளிர்பெட்டி வேண்டும் என்று பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்திற்கு எழுதிக் கேளுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளை ஜிப்லாக் பையில் போட்டு அறைக் குப்பையில் இடுவதைப் பலரும் பாதுகாப்பென்று நினைக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக்கை ஊசி எளிதில் துளைத்துவிடும். அறையைத் துப்புரவு செய்யும் பணியாளரின் கையில் குத்தும். வரவேற்பு மேசையில் கேட்டால் ஊசிகளுக்கான கெட்டியான பெட்டியைக் கொடுப்பார்கள்.

மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உதிர்த்துப் பையில் கொட்டி எடுத்துச் செல்லாதீர்கள். பெயரும் காலாவதி நாளும் தெரியும்படி பட்டையோடும், மருத்துவர் சீட்டோடும், ஒரே பையில் வைத்திருங்கள். தூக்க மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அப்படி ஏதும் இருந்தால் முன்அனுமதி வேண்டுமா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

விமானக் கைப்பெட்டியில் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத புட்டியில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் மூடு பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்ட பின்னர் வந்த விதி இது. இன்சுலினுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே அதை ஷாம்பு, பற்பசைப் பையோடு கலக்காமல் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

ஜார்ஜ் டவுன்:

பினாங்கில் வசிப்பவன் என்ற முறையில் சில சொற்கள். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. இட்லியும் தோசையும் சுடச்சுடக் கிடைக்கும், எனவே தம்பியின் சாப்பாட்டைப் பற்றி அன்றைக்குக் கவலை வேண்டாம்.

பொடிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் செய்த உணவைக் கப்பலில் ஏற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பெயர்ச்சீட்டில்லாத ஜிப்லாக் பையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொடியைப் பார்த்தால் சோதனையில் நிறுத்தத்தான் செய்வார்கள். இருக்கும் வரிசை முழுவதும் உங்களுக்காகக் காத்து நிற்கும். கடையில் விற்கும், ஆலை முத்திரை உடையாத பொடிப் பொட்டலத்தை அப்படியே எடுத்து வாருங்கள். ஏறியபின் திறந்து, மிச்சத்தைக் காற்றுப் புகாமல் வைக்க உங்கள் பையைப் பயன்படுத்துங்கள். சோறு வடிக்கும் மின்பாத்திரம், மின்கெண்டி, துணித் தேய்ப்புப் பெட்டி இவையெல்லாம் தீ விபத்துக்கு அஞ்சித் தடை செய்யப்பட்டவை. பெட்டியில் இருந்தால் அந்தப் பெட்டியே அறைக்கு வராமல் நின்றுவிடும்.

பினாங்குக்கு வருகிறவர்கள் ஜாதிக்காய்த் தைலமும் ஜாதிக்காய்ச் சாறும் வாங்காமல் போவதில்லை. தைலப் புட்டியின் மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் பெட்டி முழுவதும் அந்த மணம் ஏறிவிடும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, புட்டியை இரண்டு பைகளுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். இதற்காகவே சில பைகளைக் காலியாகக் கொண்டு வாருங்கள்.

பிளாஸ்டிக் உறுத்துகிறது என்று சொன்னீர்களே, அது மிக நியாயமான உறுத்தல். கப்பல்களிலிருந்து எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது என்ற விதி, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, 1988 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் மேல்தளத்துக் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. காலிப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தால் அது கடலுக்குப் போய்விடும். மேல்தளத்தில் எடுத்த பையைக் கையில் பிடித்தே திறந்து, மடித்து, உடனே உள்ளே வையுங்கள். பெரிய பைகளை நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைப்பதும் முக்கியம். தலையில் மாட்டிக்கொண்டால் மூச்சடைக்கும். வாங்கிய பைகளைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த பயணத்துக்கும் ஆகும், எறிய வேண்டிய தேவையே வராது.

காவிரிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவக் குளிர்பெட்டிக்காகக் கப்பல் நிறுவனத்திற்கு இன்றே எழுதிவிட்டேன். பொடிகளைக் கடைப் பொட்டலமாகவே வாங்கிக்கொள்கிறேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: ஓர் இரவு விருந்துக்குப் பட்டுச் சேலை உடுத்த ஆசை. தேய்ப்புப் பெட்டியும் கூடாது என்கிறீர்கள். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பெரிய பைகளில் சேலையையும் குளிர் உடைகளையும் வைத்தால் சரியாக இருக்குமா?

கிழக்குக்கரை:

சுருக்கும் பைகள் உங்களுக்கு வேண்டாம் சகோதரி. அவை இடத்தைக் குறைக்குமே தவிர எடையைக் குறைப்பதில்லை. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று மேலும் மேலும் அடைத்துவிட்டு, விமான நிலையத் தராசில் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டி வரும். இந்தப் பயணத்தில் குளிர் உடை என்பதும் கப்பலின் உணவுக்கூடக் குளிருக்கு ஆளுக்கொரு மெல்லிய மேலுடைதான்.

சேலையின் கதையே வேறு. காற்றை வெளியேற்றி அமுக்கினால் மடிப்பு ஒவ்வொன்றும் கோடாகப் பதியும், ஜரிகையும் மடியும். சேலையை அகல மடிப்பாக மடித்து, மடிப்புகளுக்கிடையே மெல்லிய பருத்தித் துணியை வைத்து, அகலமான பையில் கொஞ்சம் காற்று உள்ளே நிற்கும்படி மூடுங்கள். அந்தக் காற்று மெத்தை போல நின்று மேலே உள்ள துணிகளின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். பெட்டியின் மேலடுக்கில் வைத்து, அறைக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து அலமாரியில் தொங்கவிட்டுவிடுங்கள், ஏனென்றால் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கினால் பட்டும் ஜரிகையும் நிறம் மங்கும். சிறு சுருக்கங்கள் குளியலறை நீராவியில் பத்து நிமிடம் தொங்கவிட்டாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கடைசி இரவு பதினொரு மணிவாக்கில் பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவை மறுநாள் காலை முனையத்தில்தான் கிடைக்கும். பட்டுச் சேலையில் விருந்துக்குப் போய்விட்டு வந்து அவசரத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடிவிடாமல், ஐந்து பேருக்கும் மறுநாள் உடையையும் அம்மாவின் காலை மருந்தையும் முன்கூட்டியே ஒரு பையில் எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பையும் மறந்துவிட வேண்டாம்.