கொங்கு நாட்டுக் காப்புக்கட்டு: எவற்றைக் கொண்டு கட்டுவது?

கேள்வி: திருமணமாகிப் பெருந்துறைக்கு வந்த எனக்கு, இங்கே போகியன்று காப்புக் கட்டுவதே முதன்மையாக இருப்பது புதிது. அதில் எவை சேரும் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைக் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாரத்திலும் மாட்டுப் பட்டியிலும் தோட்டத்திலும் செருகுவோம், அம்மா. கைபட்டாலே பஞ்சுபோல் உதிரும் பூளையை வேலியோரம் நாமே பறிப்பதுதான் எனக்கு நிறைவு.

மறுமொழி 2: மாட்டுப் பொங்கலன்று மாட்டுப் பட்டியில் வைக்கும் பட்டிப் பொங்கலையும் தவறவிடாதீர்கள். பட்டிக்குள் சாணத்தால் கரை கட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து, நீர் நிரப்பி, ஆவாரம்பூ இட்டு, பூசை முடிந்ததும் மாடுகளை அதை மிதித்துக் கடக்க விடுவோம். தயங்கி நிற்கும் கன்று ஒரே தாவாகத் தாண்டும்போது, ‘பட்டி பெருக, பால் பானை பொங்க’ என்று அனைவரும் குரல் கொடுப்போம்.