ஒரு ஆண் வண்டுக்காக இரண்டு மழைக்காலம்

காட்டில் யானை பார்த்திருக்கிறேன், செந்நாய்க் கூட்டம் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னை அதிகம் அலைய வைத்தது 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ரோவ் வண்டுதான்.

நீலகிரியில் ஒரு சோலைக்குள் வனத்துறை அனுமதியோடு சருகு சலித்துக்கொண்டிருந்தோம். ஈரச் சருகை மேல்மண்ணோடு அள்ளிச் சல்லடையில் போட்டு உலுக்கி, கீழே விழும் பொடியை வலைப்பையில் நிரப்பி, ஒரு துணிக்கூட்டுக்குள் தொங்கவிட்டுவிடுவோம். விங்க்ளர் பை என்பது இதுதான். சருகு காயக் காய உள்ளே இருப்பதெல்லாம் நகர ஆரம்பித்து, அடியில் கட்டியிருக்கும் ஆல்கஹால் குப்பியில் விழும். மூன்றாம் நாள் தட்டில் ஊற்றிப் பார்த்தால் எறும்பு, உண்ணி, ஸ்பிரிங்டெயில் என்ற துள்ளும் குட்டி உயிர்கள், நடுவே கறுப்பாக இது.

ரோவ் வண்டு தெரியாதவர்களுக்கு: ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்து கழுத்தில் நசுங்கி, தீக்காயம் மாதிரி தடம் போடுமே ஆசிட் பூச்சி, அதுவும் இந்தக் குடும்பம்தான். மேலிறக்கை குட்டைச் சட்டை போல நின்றுவிடும், வயிற்றின் கட்டங்கள் அப்படியே வெளியே தெரியும். பெயர் வைக்கப்பட்டவை மட்டும் உலகில் 60,000-க்கு மேல்.

எங்களுடையது அந்தக் குடும்பத்தில் ஸ்டீனஸ் என்ற பேரினம். தலையின் இரண்டு பக்கமும் முழுக்கக் கண். கீழுதட்டைச் சட்டென்று நீட்டி ஸ்பிரிங்டெயிலை ஒட்டிப் பிடித்துவிடும். மேலிறக்கையை ஊசியால் தூக்கிப் பார்த்தேன், உள்ளே பறக்கும் இறக்கைக்குப் பதில் சின்னத் துணுக்குதான் இருந்தது. அப்போதுதான் படபடப்பு வந்தது. பறக்க முடியாத வண்டு பக்கத்து மலைக்கு எளிதில் போகாது, அந்தச் சோலைக்குள்ளேயே தனியாக மாறிப்போயிருக்கலாம்.

ஆனால் கிடைத்த ஏழுமே பெண். ஸ்டீனஸில் இனத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்து மறுபடி போனோம், இரண்டு ஆண் கிடைத்தன. வயிற்றின் அடியில் நுனிக்குச் சற்று முன்னால் உள்ள தகட்டில் ஒரு வெட்டு இருக்கும், அதை வைத்தே ஆண் என்று சொல்லிவிடலாம். முதல் ஆணின் உறுப்பை வளைந்த ஊசியால் இழுக்கும்போது துள்ளிப் போய்விட்டது. மேசையை ஒரு மணி நேரம் தடவினேன், கிடைக்கவே இல்லை. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டாவதை மறுநாள் காலையில், கை நடுங்காத நேரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறி, கிளிசரினில் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது, நுனி மட்டும் ஈட்டி மாதிரி.

சரி, புது இனமா? அதைச் சொல்வதுதான் கஷ்டம். மால்கம் கேமரன் என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் 1930-களில் இந்தப் பகுதியின் ரோவ் வண்டுகளைத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்திருக்கிறார், நீலகிரியில் பிடித்தவையும் அதில் நிறைய. பல குறிப்புகள் சில வரிகள்தான், உறுப்பின் படம் பெரும்பாலும் கிடையாது. அதனால் அவர் பார்த்த அதே வண்டைப் பார்த்தே ஆக வேண்டும், அது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் கேட்டு எழுதி, வந்து சேர மாதங்கள் ஆயின. டார்வின் 1832-இல் அர்ஜென்டினாவில் பிடித்த ரோவ் வண்டுக்கே 2014-இல்தான் பெயர் கிடைத்தது, அதனால் நான் பொறுத்துக்கொண்டேன். நெருக்கமாகத் தெரிந்த இரண்டு இனத்திலும் நுனி மழுங்கல். எங்களுடையது இரண்டிலும் சேரவில்லை.

இப்போது தலை அகலம், மேலிறக்கை நீளம் என்று அளந்து விவரணை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலமாதிரி, அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் வண்டு, ஆகப்போவது அந்த ஒரே முழு ஆண். அது என் அலமாரியில் இருக்கக் கூடாது, அரசு அறிவித்த சேகரத்துக்குப் போக வேண்டும், அதற்கான பெட்டியும் தயார்.

மேகமலை, ஆனைமலைப் பக்கம் சருகு சலித்தவர்கள் யாராவது இருந்தால், எறும்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக் குப்பியைக் கொட்டிவிடாதீர்கள். பெரிய கண்ணோடு குட்டைச் சட்டைக்காரன் இருக்கிறானா பாருங்கள், ஆண் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள்.