செடித் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு: குமிழியை எண்ணி என்ன பயன்?

(செடி வளர்க்கும் மீன்தொட்டி வைத்திருக்கும் சிலர், ஆளுக்கொரு பகுதியாகச் சொல்வது.)

மீன்தொட்டியில் செடிகள் வளர கார்பன் டை ஆக்சைடு வாயுவை நொடிக்கு எத்தனை குமிழி விடலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் எண் சொல்வதில்லை. குமிழியை எண்ண வைக்கும் கவுண்டர் ஒருவருடையதில் குமிழி பெரிசாக வரும், இன்னொருவருடையதில் பொடிப்பொடியாக வரும். வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீரில் விடும் டிஃபியூசர் பாதி அடைத்திருந்தால் பெரிய குமிழிகள் கரையாமலே மேலே போய் உடைந்துவிடும். தண்ணீரில் கரைந்து நிற்பதுதான் கணக்கு. பெரும்பாலோர் குறி வைப்பது லிட்டருக்கு 30 மில்லிகிராம்.

என் தொட்டித் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி. அதற்கு பி.எச். (அமில, கார அளவு) 6.6 காட்டினால், இவ்விரண்டையும் வைத்து வாயு அளவைச் சொல்லும் அட்டவணைப்படி 30 வந்துவிட்டது என்று பொருள். ஆனால் உள்ளே பெரிய மரக்கட்டை கிடக்கிறது. அதிலிருந்து கசியும் அமிலமும் பி.எச்.சை இறக்கும். அட்டவணை 30 என்று சொல்லும், உண்மையில் வாயு அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் தொட்டிக்குள் மாட்டி, நிறத்தை வைத்து வாயு அளவைப் பார்க்கும் சின்னக் குப்பியான டிராப் செக்கரைத்தான் நம்புகிறேன். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடினத்தன்மை 4 என்று அளந்து தயாரித்த திரவம்தான் ஊற்ற வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம்.

அதிலும் ஒரு சிக்கல், தாமதம். வாயு தண்ணீரை விட்டு வெளியேறி, நடுவே இருக்கும் காற்றைத் தாண்டி அந்தத் திரவத்தில் சேர வேண்டும். இப்போது தெரியும் நிறம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். அதற்காகவே விளக்கு எரிய இரண்டு மணி நேரம் முன்பே சோலனாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வு) திறக்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிக்கொள்ளும்.

*

அந்தத் தாமதம் எவ்வளவு ஆபத்து என்று நான் கண்ணால் பார்த்தவன். டிராப் செக்கர் அழகாகப் பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இறால்கள் ஓரிடத்தில் அசையாமல் கிடந்தன. கவுண்டரில் குமிழிகளைத் தனித்தனியாகப் பார்க்கவே முடியவில்லை, கோடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்ததுதான். உள்ளே திரவமாக வாயு இருக்கும்வரை, 20 டிகிரி வெப்பத்தில் அழுத்தமானி ஏறக்குறைய 57 பாரிலேயே நிற்கும். முழுதாக இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அதே எண். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து வெளியே விடும் ரெகுலேட்டர், ஒரே கட்டத்தில் குறைக்கும் ஒற்றை நிலை வகையாக இருந்தால், உள்ளே அழுத்தம் இறங்க இறங்க வெளியே வருவது கூடும். முள்ளை நம்பாமல் சிலிண்டரை எடை போட்டுப் பார்ப்பதே மேல்.

உடனே வாயுவை மூடி, ஃபில்டர் வாயை மேலே தூக்கித் தண்ணீர் பரப்பைக் கலக்கும்படி வைத்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். செடி இலைகளில் ஆக்சிஜன் முத்து முத்தாக நின்றுகொண்டிருந்த நேரம் அது. ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மீன் திணறும். வெளியே கார்பன் டை ஆக்சைடு அதிகமானால் மீனின் ரத்தத்தில் இருப்பது செவுள் வழியே சரியாக வெளியேறாது. ரத்தம் அமிலமாகி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் திறனும் குறையும். ஏர் ஸ்டோன் அந்த நேரத்தில் செய்யும் பெரிய உதவி, மிஞ்சிய வாயுவை வெளியே விரட்டுவதுதான்.

*

இவர்களைப் போல நான் சிலிண்டர் பக்கமே போகவில்லை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, அது புளித்து வரும் வாயுவைத் தொட்டிக்கு விடும் பாட்டில்தான். சின்னத் தொட்டிக்குப் போதும், ஆனால் நிதானம் கிடையாது. முதலில் பொங்கிக்கொண்டு வரும், அப்புறம் நாளுக்கு நாள் சோரும். வெயில் நாளில் ஒரு வேகம், குளிரில் ஒரு வேகம். ராத்திரியும் நிற்காது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இலை ஓரங்களில் கறுப்புத் தூரிகைப் பாசி பிடித்தது. சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் வகைக்கு மாறிய பிறகு, வால்வு வைத்து ஓரளவு கட்டுப்படுத்த முடிகிறது. விளக்கு நேரத்தையும் குறைத்தேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். வாயு கொடுக்காமலே வளரும்.

*

ஃபில்டர் வாயைத் தூக்கினால் வாயு வீணாகுமே என்று பலர் தண்ணீர் பரப்பை அசையவே விடுவதில்லை. நான் அதற்கு நேர் எதிர். பரப்பு எப்போதும் லேசாக நெளிய வேண்டும். போவது போகட்டும், அந்த அளவுக்கு வால்வைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மேலே எண்ணெய்ப் படலம் கட்டாது, ராத்திரி செடிகள் ஆக்சிஜன் எடுக்கும்போதும் மீனுக்குக் குறையாது. அளவு ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிலைத்தும் நிற்கும். வாயு அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வில் கை வைப்பது மட்டும் விடுமுறை நாள் காலையில்தான். கால் சுற்றுகூட இல்லை, தொட்டும் தொடாமலும் ஒரு திருப்பு. சாயங்காலம் வரை மீன்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.